அகன்ற காட்சியும் நேரான கோடும்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில் ஆண்டுதோறும் இறுதி வகுப்பு மாணவர்களைக் குழுவாக நிறுத்திப் படம் எடுப்பது வழக்கம். பள்ளி முகப்புக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே இருந்த இடம் மிகக் குறுகியது. ஓராண்டு மாணவர் தொகை கூடிவிட்டது. படம் பிடிக்க வந்தவர் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் முதுகு படும்வரை சென்றார். அப்போதும் வரிசையின் இரு கோடிகளும் காமிராவுக்குள் அடங்கவில்லை. உடனே தம் பையிலிருந்து வேறொரு லென்ஸை எடுத்துப் பொருத்தினார். எல்லாரும் அடங்கிவிட்டனர்.

ஒரு வாரம் கழித்துப் படம் கைக்கு வந்தது. வரிசையின் கோடியில் நின்ற மாணவன் ஒருவன் என் அறைக்கு வந்து, "ஐயா, என் முகம் மட்டும் ஏன் இவ்வளவு அகலமாக விழுந்திருக்கிறது?" என்று கலங்கிய கண்களோடு கேட்டான். நடுவில் அமர்ந்திருந்த என் முகமோ உள்ளது உள்ளவாறே இருந்தது. அன்று எனக்கு விடை தெரியவில்லை. "வெயிலின் குற்றமப்பா" என்று ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆசிரியன் அறியாததை அறியேன் என்று சொல்லாமல் மழுப்பியது தவறு. ஓய்வு பெற்ற பின் கிடைத்த பொழுதில் அவ்விடையைத் தேடிப் படித்தேன். ஒரு முகத்தின் அகலத்தில் தொடங்கிய கேள்வி, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாற்றில் கொண்டுபோய் விட்டது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

லென்ஸ் ஒன்று தனக்கு முன்னுள்ள உலகில் ஒரு கூம்பளவு பகுதியையே தெளிவாகப் பிம்பமாக்கித் தருகிறது. அக்கூம்பின் கோணம் விரிந்திருந்தால் அதனை அகலக் கோண லென்ஸ் என்கிறோம். சந்தில் நின்று கட்டடத்தைப் படம் பிடிப்பவனுக்கும், விமானத்திலிருந்து நிலத்தை அளப்பவனுக்கும் இதுவே வேண்டும். ஆனால், கோணத்தை விரிக்க விரிக்க மூன்று இடையூறுகள் தோன்றுகின்றன. ஓரங்கள் தெளிவிழக்கின்றன, நேர்க்கோடுகள் வளைகின்றன, ஓரங்களில் ஒளி குன்றுகிறது. லென்ஸ் வரலாறு என்பது பெரும்பாலும் இம்மூன்றோடும் மனிதன் நடத்திய போராட்டமே எனலாம்.

புகைப்படக் கலையின் இளமைக் காலத்தில் நம் நாட்டிலேயே அகன்ற காட்சியின் தேவை உணரப்பட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் 1858-ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை முழுமையாகப் பதிவு செய்ய விரும்பினார். நீண்டு செல்லும் அவ்வரிகளை ஒரே படத்தில் அடக்க வழியில்லை. ஆகவே, இடம் விட்டு இடம் நகர்ந்து தனித்தனியே படம் எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். கருவியால் இயலாததைப் பொறுமையால் முடித்தார் அவர்.

அடுத்த ஆண்டே, அதாவது 1859-இல், இங்கிலாந்தில் தாமஸ் சட்டன் என்பவர் ஒரு விந்தையான லென்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். உட்குழிவான கண்ணாடிகளால் ஆன ஒரு கோளம். அதனுள் நிறையத் தண்ணீர்! எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும் அக்கோளம் அதற்கு ஒரே வகையாகவே தோன்றும். ஆதலால் நடுவுக்கும் ஓரத்துக்கும் வேற்றுமை குறைந்தது. ஆயினும், அதன் பிம்பம் தட்டையான தளத்தில் விழவில்லை. வளைந்த பரப்பிலேயே விழுந்தது. வளைந்த கண்ணாடித் தகடுகளைச் செய்து, மருந்து பூசி, கழுவிப் பாதுகாப்பது யாருக்கு எளிது? அக்கருவி பரவாமற்போனது. எனினும் ஒரு பாடத்தை அது விட்டுச் சென்றது: லென்ஸை மட்டும் திருத்தினால் போதாது, பிம்பத்தை ஏற்கும் தளத்துக்கும் அது பொருந்த வேண்டும். இப்பாடத்தை மறந்துவிடாதீர்கள், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இதே பாடம் மீண்டும் வரப்போகிறது.

1862-இல் அமெரிக்க நாட்டில் ஹாரிசன், ஷ்னிட்சர் என்னும் இருவர் "குளோப்" லென்ஸை உருவாக்கினர். நடுவே ஒளித்துவாரம், முன்னும் பின்னும் ஒரே வகைக் கண்ணாடிகள் என்ற சமச்சீர் அமைப்பு அதனுடையது. இத்தகைய சமச்சீரால் விளையும் நன்மை பெரிது. முன்பாதி ஒரு கோட்டை வெளிநோக்கி வளைக்குமானால், பின்பாதி அதனை அதே அளவு உள்நோக்கி வளைக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, கோடு நேராகவே நிற்கும். தராசின் இரு தட்டுகளிலும் ஒத்த எடையை வைத்தாற்போன்றது இது.

இந்தச் சமச்சீர் நெறியின் உச்சியைத் தொட்டது 1900-இல் ஜெர்மனியின் கோயர்ஸ் நிறுவனத்துக்காக எமில் பான் ஹோக் வகுத்த "ஹைப்பர்கோன்" லென்ஸ் ஆகும். அதில் இருந்தவை இரண்டே கண்ணாடிகள். ஏறத்தாழ அரைக்கோளம் போல ஆழ வளைந்தவை. 130 பாகைக்கும் மேற்பட்ட காட்சியை அது கோடு வளையாமல் தந்தது. ஆனால், மூன்றாவது இடையூறு இங்கே தலைதூக்கியது. அதுதான் ஒளிக் குறைவு.

மாணவர்களே, கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எளிய லென்ஸ் ஒன்றில் நடுவிலிருந்து ஓரத்துக்குச் செல்லச் செல்ல ஒளியின் அளவு, கோணத்தின் கோசைன் மதிப்பின் நான்காம் அடுக்காகக் குறைகிறது. 30 பாகையில் நடுவொளியில் 56 விழுக்காடு நிற்கும். 45 பாகையில் கால் பங்கு. 60 பாகையிலோ பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். நடுப்பகுதி வெளுத்துப்போக ஓரம் இருண்டு கிடக்கும். இதனைச் சரிசெய்ய ஹைப்பர்கோனின் முன்னே நட்சத்திர வடிவிலான ஒரு சிறு சக்கரத்தை வைத்தார்கள். ரப்பர் குமிழை அழுத்திக் காற்றைச் செலுத்தினால் அது சுழலும். நடுவில் விழும் ஒளியைப் பெரிதும் தடுத்து, ஓரத்து ஒளியைச் செல்லவிடும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அறிவார்ந்த ஏற்பாடு அது. இன்றும் நடுவில் கருமையும் ஓரத்தில் தெளிவுமாக உள்ள வடிகண்ணாடியை அகலக் கோண லென்ஸின் முன் பொருத்துகிறார்கள். அது அந்நட்சத்திரச் சக்கரத்தின் வழித்தோன்றலே.

இருபதாம் நூற்றாண்டில் விமானம் தோன்றியதும் அகலக் கோண லென்ஸுக்குப் புதிய வேலை வந்தது. ஒரே உயரத்தில் பறந்து ஒரு படத்தில் அதிக நிலத்தை அடக்கினால், குறைந்த படங்களில் நாட்டுப்படம் வரைந்துவிடலாம். ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் ராபர்ட் ரிக்டர் 1930-களில் அமைத்த "டோப்போகோன்" இவ்வேலைக்காகவே பிறந்தது. போர்க் காலத்திலும் அதற்குப் பின்னரும் அவ்வகை லென்ஸ்கள் உலகின் பல பகுதிகளை அளந்தன. நில அளவைக்குக் கோடு சற்று வளைந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். எனவே, நேர்மை என்பது இங்கே அழகுக்காக அன்று, உண்மைக்காகவே வேண்டப்பட்டது.

ஒளிக் குறைவுக்கு உள்ளார்ந்த மருந்தைக் கண்டவர் சோவியத் நாட்டு அறிஞர் மிகயீல் ருசினோவ். 1946-ஆம் ஆண்டளவில் அவர் லென்ஸின் இரு முனைகளிலும் பெரிய குழிவகைக் கண்ணாடிகளை வைத்தார். பக்கவாட்டிலிருந்து நோக்கும்போது லென்ஸின் ஒளித்துவாரம் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தோன்றுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ருசினோவின் அமைப்பிலோ, சாய்ந்து பார்த்தாலும் துவாரம் விரிந்தே தோன்றும். ஆகவே ஓரத்துக்கு மிகுதியான ஒளி கிட்டியது. இந்நெறியைத் தொடர்ந்து லுட்விக் பெர்ட்டலே என்னும் ஜெர்மானியர் 1950-களின் தொடக்கத்தில் புதிய "பயோகோன்" லென்ஸை வகுத்தார். சுவீடன் நாட்டு ஹாசல்பிளாட் நிறுவனம் 38 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள பயோகோனுக்காகவே 1954-இல் தனியொரு காமிராவைச் செய்தது. ஏன் தனிக் காமிரா? அந்த லென்ஸின் பின்முனை பிலிமை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நிற்கும். வழக்கமான காமிராவில் உள்ள கண்ணாடி ஆடி மேலும் கீழும் அசைய அங்கே இடமே இல்லை.

ஆடியுள்ள காமிராக்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. 1950-இல் பாரிஸ் நகரத்துப் பியர் ஆஞ்ஜெனியூ "ரெட்ரோஃபோகஸ்" என்ற பெயரில் ஒரு லென்ஸை வெளியிட்டார். முன்னே குழிவகைக் கண்ணாடி ஒளியை விரிக்கும். பின்னே உள்ள தொகுதி அதனைக் குவிக்கும். இதனால் குவியத் தூரம் குறுகியதாக இருந்தும், லென்ஸின் பின்முனையைப் பிலிமிலிருந்து தள்ளி வைக்க முடிந்தது. ஆனால் தராசின் இரு தட்டும் ஒத்திருந்த சமச்சீர் இங்கே போய்விட்டது. கோடு வளையாமற் காக்கக் கண்ணாடிகளின் எண்ணிக்கை கூடிற்று. எடையும் விலையும் உடன் கூடின. இவ்வாறு அகலக் கோண லென்ஸ்கள் இரு குலங்களாகப் பிரிந்தன: ஒன்று சமச்சீர்க் குலம், மற்றொன்று பின்தள்ளிய குலம்.

இனி டெக்னிக்கல் காமிரா என்னும் கருவிக்கு வருவோம். உயர்ந்த கோபுரம் ஒன்றைப் படம்பிடிக்கக் காமிராவை அண்ணாந்து சாய்த்தால், செங்குத்தான சுவர்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். இதைத் தவிர்க்க, காமிராவைச் சிறிதும் சாய்க்காமல் மட்டமாக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே நகர்த்த வேண்டும். அதற்கு இடமளிப்பதே டெக்னிக்கல் காமிரா. லென்ஸைச் சாய்ப்பதற்கும் சிலவற்றில் வசதியுண்டு. அச்சாய்வின் விதியை விளக்கியவராகப் புகழ் பெற்றவர் ஆஸ்திரிய நாட்டுப் படை அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளூக். அவர் 1904-இல் காப்புரிமை கேட்டது, வானிலிருந்து எடுத்த சாய்ந்த படங்களைத் திருத்தி நாட்டுப்படம் ஆக்குவதற்காகவே.

லென்ஸை நகர்த்த வேண்டுமானால், அது தரும் பிம்ப வட்டம் படத்தின் பரப்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக? இன்றைய நடுத்தர அளவு டிஜிட்டல் கருவிகளில் பெரியதான ஒளியுணர் தகடு, ஏறத்தாழ 53 மில்லிமீட்டர் அகலமும் 40 மில்லிமீட்டர் உயரமும் உடையது. பிதகோரஸ் தேற்றத்தால் அதன் மூலைவிட்டம் 67 மில்லிமீட்டர் அளவு என்று காணலாம். லென்ஸின் பிம்ப வட்டம் 70 மில்லிமீட்டர் என்றால், அதனை மேலே இரண்டரை மில்லிமீட்டர்தான் நகர்த்த இயலும். வட்டம் 90 மில்லிமீட்டர் என்றால் 16 மில்லிமீட்டர் நகர்த்தலாம். இதன் பயனைப் பாருங்கள். 60 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தை 32 மில்லிமீட்டர் லென்ஸால், காமிராவை மட்டமாக வைத்து, உச்சிவரை அடக்க வேண்டும். நகர்த்தாவிட்டால் 94 மீட்டர் தொலைவு பின்செல்ல வேண்டும். 16 மில்லிமீட்டர் நகர்த்தினால் 52 மீட்டர் போதும். நெருக்கமான நகரில் அந்த 42 மீட்டரில் எத்தனை வீடுகள் குறுக்கே நிற்கும்!

பிலிம் இருந்தவரை இத்துறையில் சமச்சீர்க் குலமே அரசோச்சியது. ஆடி இல்லாத டெக்னிக்கல் காமிராவில் லென்ஸின் பின்முனை எவ்வளவு உள்ளே சென்றாலும் தடையில்லை. ஒளி எவ்வளவு சாய்ந்து விழுந்தாலும் பிலிமும் அதனை ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியின் ஷ்னைடர், ரோடன்ஸ்டாக் ஆகிய இரு நிறுவனங்களும் இக்குல லென்ஸ்களைச் செய்து புகழ்பெற்றன.

பிறகு டிஜிட்டல் யுகம் பிறந்தது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் அறிஞர்கள் மின்னூட்டத்தைக் கைமாற்றிச் செல்லும் சில்லு ஒன்றை வகுத்தனர். அதுவே ஒளியுணர் தகட்டுக்கு வித்து. அதற்காக 2009-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர், சிவப்பு, பச்சை, நீலம் என்ற நிறச் சல்லடையைப் படப்புள்ளிகளின் மேல் பரப்பும் முறைக்கு 1976-இல் காப்புரிமை பெற்றார்.

இத்தகைய தகட்டிலுள்ள ஒவ்வொரு படப்புள்ளியையும் ஒரு சிறு கிணறாக எண்ணிக்கொள்ளுங்கள். உச்சி வெயில் கிணற்றின் அடிவரை செல்லும். மாலை வெயில் சுவரிலேயே நின்றுவிடும். அதுபோல, நேராக விழும் ஒளியை ஏற்கும் தகடு, சாய்ந்து விழும் ஒளியைச் சரியாக ஏற்பதில்லை. சிவப்புக்குரிய ஒளி பக்கத்துப் பச்சைக் கிணற்றில் சிந்திவிடும். விளைவு என்ன? பிலிமில் மாசற்ற படம் தந்த அதே சமச்சீர் லென்ஸ், தகட்டின்முன் வைத்ததும் ஒருபுறம் பச்சையும் மறுபுறம் கருஞ்சிவப்பும் ஏறிய படத்தைத் தந்தது. லென்ஸை நகர்த்தினாலோ கறை மேலும் பெருகிற்று. லென்ஸ் மாறவில்லை, ஏற்கும் தளம் மாறியது. சட்டனின் தண்ணீர்க் கோளம் சொன்ன பாடம் மீண்டும் வந்துவிட்டதன்றோ?

இதற்குப் பரிகாரம் ஒன்று உண்டு. படம் எடுத்தவுடன், எந்த அமைப்பையும் மாற்றாமல், லென்ஸின்முன் வெண்மையான பால்நிறத் தகட்டைப் பிடித்து மற்றொரு படம் எடுக்க வேண்டும். அதில் பதிவது கறை மட்டுமே. கணிப்பொறி அதனைக் கொண்டு முதற்படத்தின் கறையை நீக்கிவிடும். ஆனால் இருண்ட ஓரத்தை வெளுக்கச் செய்யும்போது மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் எழும். ஒன்றோடொன்று கலந்துவிட்ட நிறங்களை முற்றிலும் பிரிக்கவும் இயலாது. பின்னர் 8 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட தகடு வந்தபோது கிணறுகள் இன்னும் சிறுத்தன, தொல்லை பெருகியது. 2014-இல் சீமாஸ் வகைத் தகடு நடுத்தர அளவுக் கருவிகளில் வந்தபோதும் அதன் மேற்புறத்துக் கம்பிப் பின்னல் சாய்ந்த ஒளியை மறைத்தது. ஆகவே பலர், ரோடன்ஸ்டாக் செய்த பின்தள்ளிய குல லென்ஸ்களை நாடினர். அவற்றிலிருந்து ஒளி ஓரளவு நேராகவே தகட்டில் விழும். கனமானவை, விலை மிகுந்தவை, கோடுகளில் நுண்ணிய வளைவும் உண்டு. அவ்வளைவைக் கணிப்பொறியால் திருத்தலாம் என்று மனம் தேறினர். சமச்சீர் லென்ஸ்களைப் பலர் விற்றுவிட்டனர்.

கதை இத்துடன் முடியவில்லை. 2018-இல் 15 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட புதிய தகட்டை டென்மார்க்கின் ஃபேஸ் ஒன் நிறுவனம் தன் கருவியில் அமைத்தது. இத்தகட்டில் கம்பிப் பின்னல் ஒளியுணரும் படலத்துக்குப் பின்னே தள்ளப்பட்டது. கிணற்றின் ஆழம் குறைந்து தட்டுப் போல ஆயிற்று என்று சொல்லலாம். சாய்ந்த ஒளியும் உள்ளே புகுந்தது. நிறக்கறை வெகுவாகக் குறைந்தது. பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட சமச்சீர் லென்ஸ்களைச் சிலர் மீண்டும் தேடி வாங்கினர். அவசரப்பட்டுத் தள்ளியவர்கள் கையைப் பிசைந்துகொண்டனர்.

அப்படியானால் இன்று ஒருவர் எந்த லென்ஸைத் தேர்ந்தெடுப்பது? லென்ஸின் புகழைக் கேட்டு வாங்குவதைவிடச் சில கேள்விகளைக் கேட்பது நன்று. நான் எவ்வளவு அகன்ற காட்சியை அடக்க வேண்டும்? எவ்வளவு நகர்த்த வேண்டும், அதற்குப் பிம்ப வட்டம் போதுமா? என் தகடு சாய்ந்த ஒளியைத் தாங்குமா? மலையேறிச் சுமக்க வேண்டுமா, அறைக்குள் பயன்படுத்துவதா? துவாரத்தைப் பற்றியும் ஒன்று நினைவிற்கொள்ள வேண்டும். பிலிமில் துவாரத்தை மிகச் சுருக்கித் தெளிவைக் கூட்டினர். இன்றைய தகட்டில் படப்புள்ளியின் அகலம் 4 மைக்ரானுக்கும் குறைவு. துவாரம் 11 என்ற எண்ணிலேயே, ஒளியின் அலையியல்பால், ஒரு புள்ளி ஏறத்தாழ 15 மைக்ரான் அகலமாகப் பரவிவிடுகிறது. எனவே 8, 11 என்ற எண்களைத் தாண்டிச் சுருக்குவோர் தெளிவை இழப்பர். லென்ஸும் தகடும் இணையாக நிற்பதில் மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு பிசகினாலும் ஒரு மூலை மங்கும்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். அவன் முகம் அகன்றது லென்ஸின் பழுதால் அன்று; லென்ஸ் நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காத்ததால்தான். அவன் தட்டையான பலகையாக இருந்திருந்தால் சரியாகவே பதிந்திருப்பான். ஆனால் தலை உருண்டையானது. தட்டையான தளத்தில் உருண்டையின் பிம்பம் சாய்வாக விழும்போது, 45 பாகை ஓரத்தில் அதன் அகலம் உயரத்தைப்போல் 1.4 மடங்கு ஆகிவிடும். மாலை நேரத்தில் தரையில் நம் நிழல் நீளுவதற்கும் இதற்கும் உறவுண்டு. முகத்தைக் காத்தால் சுவர் வளையும்; சுவரைக் காத்தால் முகம் விரியும். இரண்டையும் ஒருங்கே காக்கும் லென்ஸை எவரும் செய்ய இயலாது. அது செய்பவரின் திறமைக் குறைவன்று. உருண்டை உலகைத் தட்டையான தாளில் வரைவோர் அனைவருக்கும் வடிவக் கணிதம் விதித்த வரம்பு.

ஆகவே, சரியான பரிகாரம் புதிய லென்ஸ் அன்று. மாணவர்களை இரண்டு வரிசைக்குப் பதில் நான்கு வரிசையாக நிறுத்தி, கோடிகளைக் குறுக்கியிருக்க வேண்டும். அல்லது சுற்றுச்சுவரின் வாயிலைத் திறந்து, படக்காரரைத் தெருவில் நிற்கச் செய்திருக்க வேண்டும். வாயிற்சாவி என் மேசையில்தான் இருந்தது. அந்த மாணவன் இன்று எங்கிருந்தேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், காலந்தாழ்ந்த இவ்விடையை ஏற்றுக்கொள்வானாக.